பேய் பிறக்கும் இடம்

கனவா, நனவா என்று காண்போரைக் கலங்கவைத்துக் கடைசியில் முடிச்சை அவிழ்ப்பது ஒரு கலை. அவிழ்த்த முடிச்சை மீண்டும் போட்டுவிடுவது எதில் சேரும்? அதைத்தான் செய்தது, 2012இல் கார்த்திக் சுப்புராஜ் இயக்கிய 'பீட்சா'.

வைரத்தைப் பதுக்க எண்ணிய ஒருவன் பேய்க்கதை புனைகிறான். கேட்டவர் நடுங்குகின்றனர், கண்ட நாமும் நடுங்குகிறோம். அத்தனையும் புளுகென்று படமே பின்னர் பறைசாற்றுகிறது. ஏமாற்றுவோன் நாவிலே பிறந்து, ஏமாறுவோன் நெஞ்சிலே வளர்வதே பேய் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமோ? ஆனால் இறுதிக் காட்சியில் அந்தப் புளுகே மெய்யாகிறது! பகுத்தறிவு ஏற்றிய விளக்கைப் பரபரப்பு ஊதி அணைக்கிறது.

2004இல் பார்த்திபன் தந்த 'குடைக்குள் மழை' அவ்வாறு பின்வாங்கவில்லை. நாயகன் கண்ட மாயத் தோற்றங்களை மனநோய் என்றே காட்டிற்று.

திரைதானே என்பீர்! 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். நோயை நம்பிக்கையால் தீர்க்கலாமென அத்தகையோரை அங்கே கொண்டுவிட்டவர் பகைவரல்லர், உற்றார்!

மருத்துவர் முத்துலட்சுமி பிறந்த புதுக்கோட்டை மண்ணின் இளைஞரே! படம் பாருங்கள், பயந்தும் மகிழுங்கள். மனம் நலிந்தவரைக் கண்டால் உடுக்கையைத் தேடாதீர், மருத்துவரைத் தேடுங்கள்.