சாய்ந்த எழுத்தும் நிமிர்ந்த சொல்லும்

தடித்து, வலப்புறம் சாய்ந்து, ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும் எழுத்தொன்று இன்று மலையகத்துத் துண்டுப்பிரசுரங்களிலும் சுவரொட்டிகளிலும் தலைகாட்டுகிறது. ஆங்கிலத்தின் 'போல்ட் இத்தாலிக்' எழுத்தைத் தமிழில் செய்து பார்த்ததன் விளைவு இது. நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருக்களில் இதற்கென்றே தனி வடிவம் உண்டு. அஃதில்லாவிடினும் கவலையில்லை, கணினியில் ஒரு விசையை அழுத்தினால் எந்த எழுத்தும் சாய்ந்துவிடும்.

அழகாக இல்லையா என்று கேட்பார்கள். இருக்கலாம். யாருடைய கண்ணுக்கு என்பதே என் கேள்வி.

இத்தாலிக் எழுத்து 1501இல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனுஷியஸின் அச்சகத்தில் நூலாகியது. பிரான்செஸ்கோ கிரிஃபோ அதனை வெட்டினார். அக்காலத்து அறிஞர்களின் விரைந்த கையெழுத்தே அதற்குத் தாய். தமிழ்ச் சாய்வெழுத்துக்கு அத்தகைய பிறப்பு இல்லை. நிமிர்ந்து நின்றதைத் தோளில் கைவைத்துத் தள்ளிய கோலம் அது. தள்ளியதும் புள்ளி தன் எழுத்தை விட்டு அடுத்ததன் தலைமேல் ஏறப் பார்க்கிறது. தடித்ததும் சுழிகளின் உள்வெளி அடைபடுகிறது. 'எண்' எது, 'என்' எது என்று லயத்துக் காம்பராவின் மங்கிய வெளிச்சத்தில் ஒரு தாய் தடுமாறினால், குற்றம் அவள் படிப்பிலா?

மேலும், அழுத்திச் சொல்லத் தமிழுக்குச் சாய்வு தேவையுமில்லை. 'அவனே', 'அதுதான்' என்னும்போது ஏகாரமும் 'தானு'ம் அவ்வேலையைச் செய்துவிடுகின்றன. 1920களில் கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' நடத்தியபோதும், அவர் துணைவியார் மீனாட்சியம்மை தோட்டத் தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கியபோதும், அச்சிட்ட தாளை ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதே தோட்டத்து நடைமுறை. அழுத்தம் குரலில் இருந்தது. சாய்வெழுத்தை எப்படி உரக்க வாசிப்பது?

தாளில் எழுதியது தொழிலாளியின் தலைவிதியாவது இம்மலைகளுக்குப் புதிதன்று. கடனைக் குறித்து ஆளைக் கைமாற்றிய 'துண்டு' முறை 1921இல்தான் ஒழிந்தது. சரியாக நூறாண்டு கழித்து, 2021 மார்ச்சில், நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானி அறிவித்தது: அடிப்படைச் சம்பளம் 900, கொடுப்பனவு 100. எத்தனை கிலோ கொழுந்து பறித்தால் அது முழுமையாகக் கைக்கு வரும் என்பதே பின்னர் தோட்டந்தோறும் தகராறாயிற்று. இத்தகைய செய்தியை அச்சிடுகையில் ஆயிரத்தைத் தடித்த சாய்வில் ஆட்டிக்காட்டிவிட்டு, கிலோவைக் கண்ணுக்கெட்டாப் பொடியெழுத்தில் ஒதுக்கினால், அது எழுத்துக்கலையன்று, ஏய்ப்பு.

நான் பழைமை பேசவில்லை. நூற்பெயருக்கோ, பிறமொழிச் சொல்லுக்கோ ஓரிரு வரி மென்மையாகச் சாயட்டும். திருமண அழைப்பிதழில் தாராளமாகச் சாயட்டும். ஆனால் பிரட்டுக்களத்தில் வாசிக்கவேண்டிய தாளில் ரூபாயும் கிலோவும் ஒரே அளவில், ஒரே நிமிர்வில், அருகருகே நிற்கவேண்டும். அதற்கு அச்சுக்கூலி ஒரு சதமும் கூடாது.