யாருக்கு இந்த இருபது நிமிடம்?

மெல்பேர்ணுக்கென விக்ரோரிய அரசு 2017இல் வெளியிட்ட ‘பிளான் மெல்பேர்ண்’ ஆவணம், ‘20 நிமிட அயல்’ என்ற கருத்துக்கு முக்கிய இடம் தந்தது. கடை, பாடசாலை, பூங்கா என அன்றாடத் தேவைகளுக்கு நடந்து போய்வர 20 நிமிடமே ஆகவேண்டும். அதாவது எல்லாம் 800 மீற்றருக்குள் இருக்கவேண்டும். ஸ்ட்ரத்மோர், குறொய்டன் சவுத், சண்சைன் வெஸ்ட் ஆகிய இடங்களில் பரீட்சார்த்தமும் நடந்தது.

நல்ல எண்ணந்தான். கார் ஓட்டத் தெரியாத எங்கள் அம்மம்மாமாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் 800 மீற்றர் என்ற அளவுகோல் தூரத்தை அளக்கும், வாடகையை அளக்காது. எல்லாம் கிட்ட இருக்கும் இடத்தில் வாடகை ஏறுவது புதினமல்ல. மலிவு வீடுகளுக்கென 2018இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஏற்பாடோ கட்டுபவரின் சம்மதத்தில் தங்கியிருப்பது, கட்டாயமல்ல. விளைவு? கார் வைத்திருப்பவர் உடல்நலத்துக்காக நடக்க வருகிறார். தற்காலிக விசாவோடு, நடையை மட்டுமே நம்பியிருந்தவர் நகர விளிம்புக்குப் போய், கடன்பட்டுக் கார் வாங்குகிறார்.

2025இல் இத்திட்டத்தின் இடத்துக்கு ‘பிளான் ஃபோர் விக்ரோரியா’ வந்துவிட்டது. அதனிடமும் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி இதுவே: நடைதூரத்தில் குடியிருக்க யாருக்குக் கட்டுப்படியாகும்?