சுரம் முடியும் இடம்

தர்மபுரி மாவட்டத்து மெல்லிசை மேடைகளில் பேஸ் கிட்டார் வாசிப்பவரின் கையை அளந்து பார்க்க ஒரு மெட்டு போதும். 1981-இல் சங்கர் நாக் இயக்கி நடித்த ‘கீதா’ என்ற கன்னடப் படத்துக்காக இளையராஜா போட்ட ‘ஜொதெயலி’தான் அது. 1984-இல் மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ படத்தில் ‘விழியிலே மணி விழியில்’ என்று தமிழுக்கு வந்தது. 2007-இல் பால்கியின் ‘சீனி கம்’ படத்தில் ‘ஜானே தோ நா’ என்று இந்திக்குப் போனது. கன்னடத்திலும் தமிழிலும் பாடியவர்கள் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் எஸ். ஜானகியும். ஒகேனக்கல்லில் ஆற்றின் அக்கரை கர்நாடகம். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பண்டிகைக் கச்சேரிகளில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். எந்த மொழியில் எடுத்தாலும் கூட்டம் உடனே பாட்டைக் கண்டுகொள்ளும். அந்த அடையாளத்தில் பாதி பேஸுக்கு உரியது.

ராஜாவின் பேஸ் ஆதார சுரத்தை மட்டும் இடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பதில்லை. குரல் ஒரு சொல்லை நீட்டிப் பிடிக்கும்போது அது நடக்கத் தொடங்கும்; குரல் சொற்களை அடுக்கிக்கொண்டு போகும்போது ஒதுங்கி வழிவிடும். கார்டு மாறும் இடத்தில் எல்லோரும் எதிர்பார்க்கும் சுரத்தில் இறங்காமல் அதன் மூன்றாவதிலோ ஐந்தாவதிலோ கால் வைக்கும். மேலே இருக்கும் அதே மெட்டு சட்டென்று வேறு நிறம் காட்டும். ‘சொல்லத் துடிக்குது மனசு’ (1988) படத்தில் யேசுதாஸ் பாடிய ‘பூவே செம்பூவே’ இதற்குப் பெயர்போன உதாரணம். அந்தப் பாட்டில் குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் முணுமுணுத்தாலும் அது ஒரு முழு மெட்டாகவே நிற்கும். இருந்தாலும் மேடைச் சோதனைக்கு ‘ஜொதெயலி’யே உகந்தது. ‘பூவே செம்பூவே’யின் பேஸ் அழகானது என்பதால் சுமாராக வாசித்தாலும் தப்பித்துக்கொள்ளலாம். துள்ளி ஓடும் ‘ஜொதெயலி’யில் அந்தச் சலுகை கிடையாது.

ராஜாவின் குழுவில் பல பத்தாண்டுகளாக பேஸ் என்றால் சசிதரன். டிரம்ஸில் புருஷோத்தமன், கிட்டாரில் சதானந்தம், சந்திரசேகர் என்று பெயர் சொல்லிக் கொண்டாடும் ரசிகர்கள்கூட சசிதரன் பெயரைக் கடைசியாகத்தான் எடுப்பார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. ராஜா பேஸ் வரியையும் தாமே ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதிக் கொடுப்பவர். எல்லாம் தாளில் எழுதியிருக்கும்போது வாசிப்பவருக்கு என்ன பெருமை என்ற கேள்வி எப்போதும் எழுகிறது. கேள்வியே பிழையானது. எந்தச் சுரம், எவ்வளவு நீளம் என்பதைத் தாள் சொல்லும். அதை எந்தக் கம்பியில் எடுப்பது, எவ்வளவு அழுத்தி மீட்டுவது, எழுதிய நீளத்தின் கடைசி இழையில் ஒலியை எப்படி நிறுத்துவது என்பதெல்லாம் கைக்கு விடப்பட்டவை. சசிதரனின் பேஸை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்தக் கடைசி விஷயம். அவர் கையில் சுரம் எவ்வளவு சுத்தமாகத் தொடங்குகிறதோ அவ்வளவு சுத்தமாக முடிகிறது.

நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடி என்பது அரை விநாடி. அந்த அரை விநாடி முழுவதும் சுரம் ஒலிக்கிறதா, முக்கால் பங்கில் நின்று கால் பங்கு மௌனமாக இருக்கிறதா என்பதில்தான் பாட்டின் நடை அடங்கியிருக்கிறது. முழுதாக நீட்டினால் பாட்டு சாய்ந்து உட்காரும். சற்றுமுன் நிறுத்தினால் எழுந்து நடக்கும். டிரம்ஸின் கிக் விழும் கணத்தில் பேஸ் சேர்ந்து விழுவதைப் பெரிதாகப் பேசுவார்கள். ஓரளவு பயிற்சி உள்ள எவருக்கும் அது வந்துவிடும். ஸ்னேர் அடி விழும் கணத்தில் பேஸ் ஒலி சரியாக அறுபட்டிருக்க வேண்டும் என்பது கடினமான பாடம். அந்த இடைவெளியில் ஸ்னேர் தனித்து வெடிக்கும். நல்ல ஒலிப்பதிவில் டிரம்ஸ் பளிச்சென்று கேட்பதற்கு டிரம்ஸ்காரர் மட்டும் காரணமில்லை.

இது விரலில் எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். ‘ஏ’ சுரத்தை மூன்றாவது கம்பியில் விரல் வைக்காமல் திறந்தபடி மீட்டலாம். அதே சுரத்தை நான்காவது கம்பியான ‘ஈ’யில் 5-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தியும் எடுக்கலாம். இரண்டும் 55 ஹெர்ட்ஸ்தான். ஃப்ரெட்டில் எடுத்த சுரத்தை இடது கை விரலைச் சற்றே தளர்த்தினால் போதும், கம்பியைத் தொட்டபடியே ஒலி நின்றுவிடும். திறந்த கம்பிக்கு அந்த வசதி இல்லை. வேறு விரல் ஒன்று வந்து அதை அணைக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் பழைய சுரத்தின் வால் புதிய சுரத்தின் மேல் படிந்துவிடும். மேடையில் அவசரத்துக்குத் திறந்த கம்பிகளையே நம்பி வாசிப்பவர்களின் பேஸ் ‘கொழகொழ’ என்று கேட்பது இதனால்தான். மீட்டாத கம்பிகளும் சும்மா இருப்பதில்லை. ‘டி’ கம்பியில் வாசிக்கும்போது கீழே ‘ஈ’யும் ‘ஏ’யும் தாமாக அதிர்ந்து முனகும். வலது கைக் கட்டைவிரலை அந்தக் கம்பிகளின் மேல் படுக்கவைத்து அவற்றை அடக்குவது தேர்ந்த கையின் அடையாளம்.

கம்பிகளைப் பற்றிய சண்டை பழையது. தட்டைச் சுற்றுக் கம்பியா, உருண்டைச் சுற்றுக் கம்பியா என்று இரண்டு கட்சி. தட்டைக் கட்சிக்காரர்கள் டெட்ராய்ட் நகரின் ஜேம்ஸ் ஜேமர்சனைச் சாட்சிக்கு அழைப்பார்கள். மோட்டவுன் பாடல்களின் முதுகெலும்பாக இருந்தவர். 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷனில் கனமான லா பெல்லா தட்டைக் கம்பி போட்டு, வலது கையின் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டியவர். கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பார்கள். அவரது சுரம் ‘தும்’ என்று விழுந்து சீக்கிரமே அடங்கும். உருண்டைக் கம்பி பளபளப்பாக ஒலிக்கும், நெடுநேரம் நீடிக்கும், விரல் நகரும்போது ‘சர்ர்’ என்ற உரசலும் சேர்ந்து வரும். நீடிக்கும் கம்பியை அணைக்கத் தெரியாதவர் கையில் அது சத்தமாகவே முடியும். தட்டைக் கம்பி பாதி வேலையைத் தானே செய்துகொடுக்கிறது. ஆனால் சிறிய ஸ்பீக்கரில் அது மங்கிவிடும் என்ற எதிர்க்கட்சியின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ராஜாவின் பாடல்கள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் கேட்கப்பட்டது சிறிய ஸ்பீக்கர்களில்தான்.

நான்கு கம்பி பேஸின் அடிச் சுரம் 41 ஹெர்ட்ஸ். மேல் கம்பியான ‘ஜி’யைத் திறந்து மீட்டினாலும் 98 ஹெர்ட்ஸ்தான். டீக்கடை டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கரோ கையடக்க டிரான்சிஸ்டரோ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதையும் தராது. ஆனாலும் அந்தக் காலத்தில் பேஸ் வரியை முணுமுணுத்தபடி டீ ஆற்றியவர்கள் இருந்தார்கள். அடிச் சுரம் வராவிட்டாலும் அதன் மேல்சுரங்கள் 200, 300 ஹெர்ட்ஸ் பகுதியில் கேட்கின்றன. அவற்றை வைத்துக் காது அடிச் சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. இதற்கு வாசிப்பில் தெளிவு இருக்க வேண்டும். வால் நீண்டு ஒன்றோடொன்று கலந்த சுரங்களிலிருந்து காதால் எதையும் ஊகிக்க முடியாது. தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் பேருந்தில், எஞ்சின் உறுமலையும் ஜன்னல் கண்ணாடியின் ஆட்டத்தையும் தாண்டி ராஜாவின் பேஸ் கேட்டதென்றால், ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் முடிந்ததே அதற்குக் காரணம்.

மாவட்டத்து வாசிப்பாளர்கள் இந்த வரிகளைக் கற்றதும் கேசட்டிலிருந்துதான். தாளில் எழுதிய நொட்டேஷன் அவர்கள் கைக்கு வந்ததில்லை. ரீவைண்ட் செய்து ரீவைண்ட் செய்து, நாலு மாத்திரை நாலு மாத்திரையாகப் பிடித்தார்கள். டேப் ஓடும் வேகம் செட்டுக்குச் செட் மாறும். சுருதி கால் பங்கு ஏறியோ இறங்கியோ நிற்கும். கேசட்டுக்கு ஏற்றபடி கம்பியை முறுக்கிச் சேர்த்துக்கொண்ட பிறகே பாடம் தொடங்கும். அந்தக் கஷ்டம் காதைத் தீட்டிவிட்டது. நொட்டேஷன் பார்த்துப் படித்தவருக்கு இல்லாத ஒரு நன்மையும் அதில் இருந்தது. கேட்டுப் பிடித்தவர் சுரத்தோடு அதன் முடிவையும் சேர்த்தே பிடித்தார்.

கருவியைப் பராமரிப்பதிலும் இந்த மண்ணுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. சென்னையின் கடல் காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். தர்மபுரியின் கோடை வறட்சி மரத்தைக் காய வைக்கும். பங்குனி, சித்திரையில் ஃப்ரெட் பலகை சுருங்கி, ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். இடது கையை மேலும் கீழும் ஓட்டினால் கீறும். கழுத்தின் வளைவும் மாறும். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை அலன் கீ போட்டுக் கால் திருப்புக்கும் குறைவாகத் திருப்பி, ஒரு நாள் விட்டுப் பார்த்துத்தான் அடுத்த திருப்பு. அவசரப்பட்டால் கழுத்து போய்விடும். மாரியம்மன் பண்டிகைகள் வரிசை கட்டும் மாதங்களும் அவைதான் என்பதால், கருவிக்கு ஓய்வு மிகத் தேவைப்படும் நேரத்தில் அது மிக அதிகமாக உழைக்கிறது. கம்பி விலை கட்டுப்படியாகாதவர்கள் பழைய கம்பியைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு, சுற்றுக்குள் ஏறிய வியர்வை அழுக்கை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டுவார்கள். சில கச்சேரிகளுக்கு அது புதுக் கம்பி மாதிரியே ஒலிக்கும்.

இளைய ரசிகர்களில் பலருக்கு இந்த அளவு நுணுக்கம் அலுப்பாக இருக்கலாம். அவர்களுக்கு மோஹினி டே போன்றவர்களின் வேகமும் கட்டைவிரலால் கம்பியை அறைந்து எழுப்பும் ஸ்லாப் ஒலியும்தான் பேஸ். ரஹ்மானின் மேடைகளில் அவர் வாசிப்பதைப் பார்ப்பது பெரிய அனுபவம் என்பதில் ஐயமில்லை. ரஹ்மானோடு நீண்ட காலம் வாசித்த சென்னையின் கீத் பீட்டர்ஸ் வேறு வகை. பாட்டுக்குள் தமக்குக் கிடைத்த இடத்தில் தாமே ஒரு வரியைக் கண்டெடுக்கும் சுதந்திரம் அவர் கையில் தெரியும். எழுதியதை வாசிப்பதைவிட அது உயர்ந்தது என்று வாதிடுபவர்களிடம் ஒன்றைச் சொல்லலாம். கீத் பீட்டர்ஸின் வரிகளும் நிலைத்திருப்பது அவற்றின் மௌனங்களால்தான். ஸ்லாப்பிலும் உண்மையான கலை அறையில் இல்லை. இரண்டு அறைகளுக்கு நடுவே இடது கை அடக்கி எடுக்கும் செத்த சுரங்களில் இருக்கிறது. ஐந்தாவது கம்பி விஷயம் வேறு. அதன் அடிச் சுரமான ‘பி’ 31 ஹெர்ட்ஸ். பண்டிகை மேடையின் திறந்தவெளியில் அந்தச் சுரத்தை முறையாகக் கேட்க வைக்கும் பெட்டிகள் அரிது. தோளில் கனம் கூடியதுதான் மிச்சம்.

இன்றைய குறை கருவியில் இல்லை, கச்சேரியை ஏற்பாடு செய்யும் விதத்தில் இருக்கிறது. பாடகர்கள் இருவர், ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், மீதி எல்லாம் லேப்டாப்பில் ஓடும் மைனஸ் டிராக் என்று குழுக்கள் சுருங்கிவிட்டன. முதலில் இடம் இழந்தவர் பேஸ்காரர். கீபோர்டின் இடது கை அவர் வேலையைச் செய்யும் என்றார்கள். கீபோர்டு பேஸில் கட்டையை விட்டால் ஒலி நிற்கும், அவ்வளவுதான். கம்பி தளரும்போது கேட்கும் அந்த மெல்லிய அடங்கல் அதில் வராது. போதாக்குறைக்கு மைக் செட்டில் சப் பெட்டிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஏற்றிவிட்டால் கிடைப்பது நெஞ்சை அதிரவைக்கும் காற்று. எந்தச் சுரம் என்று எவருக்கும் தெரியாது. சவுண்ட்காரர் அதைக் குறைத்து 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைக் கொஞ்சம் திறந்துவிட்டால் மறைந்துபோன பேஸ் வரி மேலே வரும். பணம் செலவில்லாத வேலை இது.

கூட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது என்பது சரியல்ல. இந்த ஊர்க் காது அம்மன் கோயில் உடுக்கையில் வளர்ந்தது. இடுப்புக் கயிற்றை அழுத்தி ஒலியை ஏற்றுவதையும் விட்டு இறக்குவதையும், சரியான நேரத்தில் பிடித்து நிறுத்துவதையும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு சுரம் ஒழுங்காக முடிந்ததா இல்லையா என்பது தெரியும். டிராக் போட்டுப் பாடும்போது கைதட்டுகிறார்கள். ஒருவர் கம்பியில் வாசிக்கும்போது காலால் தாளம் போடுகிறார்கள். அந்த வித்தியாசத்தை மேடையிலிருந்து கீழே பார்ப்பவர் எவரும் கவனிக்கலாம்.

நாலு கம்பியோடு இன்னும் மேடை ஏறுபவர்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். பண்டிகைக்குக் கச்சேரி பேசப் போகும் விழாக் குழுவினர் பாடகர் யார், லைட் எத்தனை என்று கேட்பதோடு பேஸ் கையால் வாசிக்கிறீர்களா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால் முதல் வரிசைப் பாட்டுகளில் ‘விழியிலே மணி விழியில்’ இருக்கட்டும் என்று சொல்லி முன்பணம் கொடுங்கள்.