அந்த டாக்டர் இல்லை

என் பெரியம்மா மகள் அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட். கோயம்புத்தூரில் நாலரை வருடம் பி.பி.டி. படித்தாள். கல்யாணமாகி அங்கே போனதும் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பினாள். குறைகிறது என்று சொன்ன பாடங்களைத் தனியாக எழுதி, லைசென்ஸ் தேர்விலும் பாஸாகி, ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தாள். அப்புறம், நாற்பதை நெருங்கும்போது, ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுத் திரும்பவும் படிக்க உட்கார்ந்தாள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கென்று பல்கலைக்கழகங்கள் ஆன்லைனில் நடத்தும் டாக்டரேட் அது. லைசென்ஸுக்கு அது வேண்டியதில்லை. சம்பளமும் ஏறப்போவதில்லை. பின்னே எதுக்குக்கா என்று கேட்டேன்.

"புதுசா வர்ற இருபத்தஞ்சு வயசுப் பசங்க எல்லாம் பேட்ஜ்ல டி.பி.டி.ன்னு போட்டுட்டு வர்றாங்கடா. அவங்களுக்கு வேலை சொல்லிக் குடுக்கறது நான். பேஷண்ட்டோட மகன் வந்தா பேட்ஜைப் பாத்துட்டு அவங்ககிட்டதான் பேசறான்."

படித்து முடித்த பிறகு என்ன மாறியது என்றும் கேட்டேன். "முட்டி அதே முட்டிதான்டா. நான் புடிச்சு மடக்கற கோணமும் அதேதான்" என்று சிரித்தாள்.

இந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் ரொனால்ட் டோரின் 'தி டிப்ளமா டிசீஸ்' புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். 1976இல் வந்தது. இங்கிலாந்து, ஜப்பான், இலங்கை, கென்யா என்று நாலு நாடுகளை வைத்து டோர் வாதாடுகிறார். ஒரு நாடு எவ்வளவு தாமதமாக நவீனப் பொருளாதாரத்துக்குள் வருகிறதோ, அவ்வளவு வெறியோடு சான்றிதழைத் துரத்தும் என்கிறார். பஸ் கண்டக்டர் வேலையை உதாரணமாகச் சொல்வார். டிக்கெட் கிழிக்கிற வேலை மாறவே இல்லை. ஆனால் விண்ணப்பங்கள் குவியக் குவிய, கேட்கிற படிப்பு மட்டும் ஒரு படி ஏறிக்கொண்டே போகும். இதில் சதிகாரர் என்று யாருமில்லை. குவிந்த விண்ணப்பங்களைக் கழிக்க முதலாளிக்கு ஒரு சல்லடை வேண்டும், பையனுக்கு அந்தச் சல்லடையைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். அதே 1976இல் பொருளாதார நிபுணர் ஃப்ரெட் ஹிர்ஷ் வேறொரு படிமத்தைக் கொடுத்தார்: கூட்டத்தில் எல்லோரும் நுனிக்காலில் நின்றால் யாருக்கும் நன்றாகத் தெரியாது, கால் வலிதான் மிச்சம்.

பட்டப் பணவீக்கம் பற்றி இணையத்தில் இப்போது பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் படிமத்திலேயே நின்றுவிடுகிறார்கள். விலைவாசி மாதிரி, தானாக ஏறுகிற ஒன்று. எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது. அக்காவின் துறையின் வரலாற்றைப் படித்தபோதுதான் அது பொருந்தவில்லை என்று புரிந்தது.

அமெரிக்காவில் பிசியோதெரபியின் வேர் முதல் உலகப் போரில் இருக்கிறது. காயம்பட்ட சிப்பாய்களை நடக்க வைப்பதற்காக 1918இல் இளம்பெண்களைச் சேர்த்து, சில மாதங்கள் பயிற்சி கொடுத்து, ராணுவ மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குப் பெயர் 'மறுசீரமைப்பு உதவியாளர்கள்'. 1921இல் மேரி மெக்மில்லன் தலைமையில் அவர்கள் சங்கம் கட்டினார்கள். பிறகு இளங்கலைப் பட்டம் வந்தது. 2002 தொடங்கியபோது இளங்கலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் முடிந்தது, முதுகலை கட்டாயம். அதற்கும் முன்பே, 1993இல், நெப்ராஸ்காவில் இருக்கும் க்ரெய்ட்டன் பல்கலைக்கழகம் டாக்டர் ஆஃப் பிசிகல் தெரபி என்று ஒன்றைத் தொடங்கியிருந்தது. 2000இல் தேசியச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: 2020க்குள் இந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் டாக்டர் பட்டக்காரர்களாக இருப்பார்கள். அங்கீகார ஆணையம் அதற்குக் கெடுவும் வைத்தது. 2015 முடிவதற்குள் எல்லாக் கல்லூரிகளும் டி.பி.டி.க்கு மாற வேண்டும். மாறின.

இந்தக் கதையில் விண்ணப்பக் குவியல் எங்கே? சல்லடை தேடிய முதலாளி எங்கே? டாக்டரேட் கொண்டு வா என்று மருத்துவமனைகள் கேட்கவில்லை. வெளிநோயாளிகளின் பிசியோதெரபிக்கு மெடிகேர் கொடுக்கும் தொகை இளங்கலைக்காரர் செய்தாலும் டாக்டர் செய்தாலும் ஒன்றுதான். ஆக, யாரும் நுனிக்காலில் எம்பி நின்று இந்த உயரம் வரவில்லை. கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்களே, இந்தத் தேதியிலிருந்து ஒவ்வொருவரும் ஸ்டூல் வாங்கிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று கேட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

இங்கே டோரைவிட ராண்டல் காலின்ஸ்தான் உதவுகிறார். 1979இல் வெளியான 'தி க்ரெடென்ஷியல் சொசைட்டி'யில் அவர் சொல்வது கொஞ்சம் முரட்டுத்தனமானது. வேலைக்கு வேண்டிய திறமையில் பெரும்பங்கு வேலையில்தான் கற்றுக்கொள்ளப்படுகிறது, பட்டம் என்பது ஒரு தொழில் தன்னைச் சுற்றிக் கட்டும் மதில் என்கிறார். மருத்துவர்களும் வக்கீல்களும் அந்த மதிலை எப்படி எழுப்பினார்கள், எஞ்சினியர்களால் ஏன் முடியவில்லை என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. எஞ்சினியரான எனக்கு அதைப் படிக்கக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

ஆனால் காலின்ஸுக்கும் ஒரு விஷயம் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் அவர் சந்தை ஏகபோகமாகவே பார்க்கிறார். அக்கா பணத்துக்காகப் படிக்கவில்லை. 'உதவியாளர்' என்ற பெயரோடு பிறந்து, டாக்டர் எழுதிய சீட்டு இல்லாமல் ஒரு முழங்காலைத் தொட முடியாது என்ற விதியோடு பல தலைமுறை வேலை பார்த்த, பெரும்பாலும் பெண்களான ஒரு தொழில் அது. அந்த அவமானம் நிஜம். வக்கீல்களைப் பாருங்கள். 1960களில் அவர்களும் எல்.எல்.பி. என்ற பெயரை ஜே.டி. என்று மாற்றிக்கொண்டார்கள், அதிலும் டாக்டர் உண்டு. ஆனாலும் என்னை டாக்டர் என்று கூப்பிடு என்று எந்த அமெரிக்க வக்கீலும் கேட்டதாகத் தெரியவில்லை. மரியாதை ஏற்கெனவே கிடைத்தவனுக்கு அது தேவைப்படாது. (நம் ஊரில் எம்.பி.பி.எஸ். என்பது பெயரளவில் இரண்டு இளங்கலைப் பட்டம். அவர் டாக்டர். கௌரவப் பட்டம் வாங்கிய தலைவரும் போஸ்டரில் டாக்டர்.)

மரியாதையின் பில் யாருக்குப் போனது என்பதுதான் என் கேள்வி. தீர்மானம் போட்டவர்களுக்கு ஏற்கெனவே வேலையும் லைசென்ஸும் இருந்தன. அவர்களின் தொழிலுக்கு ஒரே நாளில் அந்தஸ்து கூடிவிட்டது. முதுகலையைவிட நீளமான, இளங்கலைக்கு மேல் மூன்று வருடப் படிப்பு, அதற்கான ஃபீஸ், அத்தனை காலம் சம்பளமில்லாமல் இருப்பது, இதெல்லாம் அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் விழுந்தது. அவர்களுக்கு அந்த அவையில் ஓட்டு இல்லை. இப்போது அந்தத் தொழிலின் நடுநிலைச் சம்பளம் வருடத்துக்கு ஏறக்குறைய 1 லட்சம் டாலர். நல்ல சம்பளம்தான். ஆனால் புதிதாக வருகிறவர்களின் கல்விக்கடன் சராசரியாக ஒன்றரை லட்சம் டாலர் அளவில் நிற்கிறது.

டாக்டரேட்டுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று மட்டும் கனமானது. டாக்டர் சீட்டு இல்லாமல் நோயாளி நேராக வரும்போது, இது சாதாரண முதுகுவலியா, முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோயா என்று சந்தேகப்படத் தெரிய வேண்டும், அதற்குக் கூடுதல் படிப்பு வேண்டும். இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. ஆனால் நெப்ராஸ்கா 1957இலேயே நேரடியாக வர அனுமதித்துவிட்டது, டி.பி.டி. என்ற சொல்லே இல்லாத காலம். இங்கிலாந்தில் இன்றைக்கும் மூன்று வருட இளங்கலைப் படிப்புதான், அந்தப் பிசியோதெரபிஸ்டுகளில் அனுபவமும் மேற்பயிற்சியும் உள்ளவர்கள் குடும்ப மருத்துவமனைகளில் நோயாளியை முதல் ஆளாகப் பார்க்கிறார்கள். அங்கே தேவையான கூடுதல் படிப்பு வேலைக்கு வந்த பிறகு நடக்கிறது. வாசலில் நிறுத்தி வாங்குவதில்லை.

அந்த ஸ்டூலின் விலை இப்போது வேறு பக்கத்திலிருந்தும் வருகிறது. அமெரிக்க அரசு 2025இல் கல்விக்கடன் சட்டத்தை மாற்றியது. 2026 ஜூலையிலிருந்து தொழில்முறைப் பட்டங்களுக்கு அரசுக் கடன் மொத்தம் 2 லட்சம் டாலர் வரை, மற்ற மேற்படிப்புகளுக்கு 1 லட்சம். எது தொழில்முறைப் பட்டம்? 2025 நவம்பரில் கல்வித் துறை கூட்டிய குழு ஒப்புக்கொண்ட வரைவுப் பட்டியலில் மருத்துவம், சட்டம், மருந்தியல் இருந்தன. கைரோபிராக்டிக்கும் இறையியலும்கூட இருந்தன. பிசியோதெரபி இல்லை. தொழில்முறை அந்தஸ்துக்காகவே டாக்டரேட் ஆன படிப்பு, அந்த வரைவில் தொழில்முறைப் படிப்பு இல்லை.

நம் பக்கமும் இது வந்துவிட்டது. 2008இல் இந்தியாவில் ஆறு வருட ஃபார்ம்.டி. தொடங்கியது. அமெரிக்காவில் மருந்தாளுநராக அதுதான் நுழைவுப் பட்டம். இங்கே மெடிக்கல் ஷாப் சுவரில் தொங்குவதற்கு இரண்டு வருட டி.ஃபார்ம். போதும். மருத்துவமனை வார்டில் மருந்துச் சீட்டைச் சரிபார்க்கும் வேலைக்கென்று ஒரு படிப்பை உருவாக்கினோம், ஆனால் அந்த வேலைக்கான பதவிகளை அதற்கேற்ப உருவாக்கவில்லை. 2025 செப்டம்பரில் பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன் டாக்டர் போடக்கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் ஒரு கடிதம் விட்டு, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் மேல் நடந்த சண்டை முழுக்க யார் டாக்டர் என்பதைப் பற்றித்தான். படிக்க ஆன வருடம், செலவான பணம் பற்றி யாரும் வாய் திறந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் மட்டும் யோக்கியனா? எங்கள் டீமுக்கு ஆள் எடுக்கும்போது ரெஸ்யூமேக்களை வடிகட்டியது நான்தான். பத்தாவதிலிருந்து எல்லாவற்றிலும் அறுபது சதவீதம், பி.இ. அல்லது எம்.சி.ஏ. அந்த வேலையில் நாலு வருட எஞ்சினியரிங்கில் படித்த எதையும் நானே பயன்படுத்தியதில்லை. தெர்மோடைனமிக்ஸ் எழுதிய நோட்டு எங்கே என்றுகூடத் தெரியாது. முந்நூறு பேரை முப்பதாக்க அதுதான் சுலபமான வழி. அது டோரின் பஸ் கண்டக்டர் கதை. மோசம்தான், ஆனால் நாளைக்கே ஆள் பற்றாக்குறை வந்தால் அந்த வடிகட்டியை நானே தூக்கிப் போட்டுவிடுவேன். அங்கீகார விதியை எந்த மேனேஜரும் அப்படித் தூக்கிப் போட முடியாது.

ஆனால் போட்டவர்கள் எடுக்கலாம். பிசியோதெரபிக்குப் பக்கத்து வீட்டுத் தொழில் ஆக்குபேஷனல் தெரபி. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டைப் பொத்தான் போட, ஸ்பூன் பிடிக்கத் திரும்பக் கற்றுக்கொடுப்பவர்கள். 2017இல் அவர்களுடைய அங்கீகார அமைப்பும் அதே மாதிரி அறிவித்தது: 2027 ஜூலைக்குள் எல்லோருக்கும் டாக்டரேட். தொழிலுக்குள்ளேயே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2018இல் நிறுத்தி வைத்தார்கள். 2019இல், முதுகலை, டாக்டரேட் இரண்டு வழியும் இருக்கட்டும் என்று முடிவானது. அந்தத் தொழில் இடிந்து விழவில்லை.

போன மாதம் பேசும்போது இதை அக்காவிடம் சொன்னேன். அவள் வேலை பார்க்கும் இடத்தில் அந்தத் தெரபிஸ்டும் இவளும் ஒரே அறையில், ஒரே நோயாளிக்கு, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள். அந்தம்மா முதுகலைதான்.

"அவளை யாராவது குறைச்சுப் பேசறாங்களா?" என்று கேட்டேன்.

"அவளைத்தான்டா எல்லாரும் தேடறாங்க. இருபது வருஷ சர்வீஸ்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நான் இன்னும் ரெண்டு வருஷம் லோன் கட்டணும்."