எரிக் லிங்க்லேட்டரின் ‘மாக்னஸ் மெரிமன்’: அங்கதமும் அடையாளமும்

ஓர் இனத்தின் அடையாள வேட்கையை எள்ளி நகையாடும் படைப்பு அவ்வினத்தின்மீது பற்றற்றதாகவே இருக்கும் என்னும் கருத்து திறனாய்வில் அவ்வப்போது தலைகாட்டுவதுண்டு. எரிக் லிங்க்லேட்டர் (1899-1974) எழுதி 1934இல் வெளிவந்த ‘மாக்னஸ் மெரிமன்’ என்னும் ஆங்கில நாவல் இக்கருத்துக்கு மறுப்பாக அமைகிறது. அம்மறுப்பின் தன்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்புலம்

1928இல் ‘நேஷனல் பார்ட்டி ஆஃப் ஸ்காட்லாந்து’ என்னும் கட்சி தோன்றியது. அதன் வேட்பாளராக 1933இல் கிழக்கு ஃபைஃப் இடைத்தேர்தலில் நின்ற லிங்க்லேட்டர், ஐவருள் இறுதி இடத்தையே பெற்றார். அடுத்த ஆண்டே அத்தோல்வி நாவலாயிற்று. கதைத்தலைவன் மாக்னஸ், கின்லூஸ் என்னும் கற்பனைத் தொகுதியில் தேசியவாதிகளின் வேட்பாளராக நின்று தோற்கிறான்.

மனங்கவர் போக்கிரி

மாக்னஸ் மதுவிலும் மகளிரிலும் மயங்குபவன். தன் பேச்சின் ஓசையில் தானே கிறங்குபவன். அவனுடைய நாட்டுப்பற்று ஆய்ந்து தெளிந்த கொள்கையன்று. எழுச்சி மிகுந்த வேளைகளில் பொங்கி அடங்கும் உணர்ச்சியே. எனினும் வாசகர் அவனை வெறுப்பதில்லை. அவனோடு சேர்ந்து கனவு காண்கின்றனர். அவன் விழும்போது தம்மையும் நோக்கி நகைக்கின்றனர். கதைத்தலைவன் சான்றோனாக இருந்திருப்பின் நாவல் பரப்புரையாகியிருக்கும். வெறும் கயவனாக இருந்திருப்பின் வசையாகியிருக்கும். போக்கிரியின் இனிமையே இவ்விரண்டிலிருந்தும் நாவலைக் காக்கிறது.

இருவகை அங்கதம்

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படுத்துவார். வெளிப்படையாகப் பழிப்பது முன்னது; பழிப்பை மறைத்துக் கூறுவது பின்னது. இந்நாவலில் வரும் ஹியூ ஸ்கீன் என்னும் கவிஞர், அக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரான ஹியூ மக்டயர்மிட்டின் சாயலில் படைக்கப்பட்டவர். வழக்கொழிந்த சொற்களைத் திரட்டி ஸ்காட்ஸ் மொழிக்குப் புத்துயிர் ஊட்ட முயன்ற அவருடைய கவிதைநடை இங்கே நகைப்புக்குள்ளாகிறது. பெயர் மாறினும் ஆள் மறையவில்லை. எனவே இது செம்பொருள் அங்கதத்தை ஒட்டியது. மாக்னஸைக் குறித்த நகைப்போ ஆசிரியர் தம்மையே மறைத்துப் பழித்துக்கொள்வது. பிறரை எள்ளும் உரிமையை ஆசிரியர் இத்தன்னெள்ளலின் வழியாகவே பெறுகிறார்.

ஆர்க்னியும் அடையாளமும்

எடின்பரோவின் அரசியலிலிருந்து விலகி ஆர்க்னித் தீவுக்குத் திரும்பும் மாக்னஸ், ரோஸ் என்னும் பெண்ணை மணந்து உழவனாகிறான். இத்திருப்பம் கதைமுடிவுக்கான உத்தி மட்டுமன்று. ஆர்க்னித் தீவுகள் நார்வே அரசுக்கு உரியவையாய் இருந்து, 1468இல் திருமணச் சீதனத்துக்கு ஈடாக ஸ்காட்லாந்து மன்னருக்கு அடகு வைக்கப்பட்டவை. கதைத்தலைவனின் பெயரும் அத்தீவுகளின் நார்ஸ் மரபுப் புனிதரான மாக்னஸின் பெயரே. ஒற்றை ஸ்காட்லாந்து என்று மேடையில் முழங்கியவன் வேர்கொள்ளும் மண்ணே அவ்வொருமைக்குள் முழுமையாக அடங்காதது. வேல்ஸ் நாட்டில் பிறந்து, தந்தைவழி ஆர்க்னியைத் தம் மண்ணாக வரித்துக்கொண்ட லிங்க்லேட்டருக்கு, அடையாளம் என்பது பிறப்பால் மட்டும் வருவதன்று என்பது வாழ்வு தந்த பாடமாகும்.

நிறைவாக

நாவலில் குறையும் உண்டு. பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் மாக்னஸின் அலைச்சலில் இடைத்தங்கல்களாகவே நின்றுவிடுகின்றனர். அவனை எடைபோடும் அங்கதக் கண் அவர்கள் உள்ளத்துள் நெடிது தங்குவதில்லை. எனினும், 1999இல் ஸ்காட்லாந்துக்கு நாடாளுமன்றம் மீண்டதையும், 2014 வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் தனிநாட்டை ஏற்காததையும் அறிந்த இன்றைய வாசகருக்கு இந்நாவல் பழம்பொருளாகத் தோன்றாது. முழக்கத்தை நகைத்தவர் மண்ணை நகைக்கவில்லை. தன்னைப் பார்த்துச் சிரிக்க இடந்தரும் அடையாளமே நிலைக்கும் வலிமையுடையது என்பது இந்நாவல்வழிப் பெறப்படும் முடிபாகும்.