வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயம்

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் வரவு செலவு எழுதக் கை பரபரக்கும். படிப்பதற்கும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். இந்த வாரம் எத்தனை பக்கம், மீதி எத்தனை என்று ஞாயிற்றுக்கிழமை கணக்கு முடிப்பேன். கல்லூரி நாளில் ஒரே மூச்சில் படித்த ‘பொன்னியின் செல்வன்’, அப்புறம் இரண்டு தடவை பாதியில் நின்றுபோனது. இந்தத் தடவை நோட்டின் தயவால் ஓடுகிறது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் உட்கார இடம் கிடைத்தால், அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் பதினைந்து பக்கம் நிச்சயம்.

வள்ளூரில் எங்கள் தெருவில் ஓர் ஆயா இருக்கிறார். வயசு எண்பத்து நாலு. அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது, துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணன் வாராவாரம் ‘கல்கி’ வாங்கி வந்து படிக்க, வீடே உட்கார்ந்து கேட்குமாம். கையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “எதுவரைக்கும் வந்துகீறே தம்பி?” என்றார்.

“ரெண்டாம் பாகம் முடியப் போவுது ஆயா. இந்த வாரம் மட்டும் தொண்ணூறு பக்கம்!”

“பக்கம் கெடக்கட்டும். பூங்குழலி எங்க கீறா?”

விழித்தேன். அவள் புயலில் படகோடு கிடக்கும் அத்தியாயங்களை அன்று காலைதான் தாண்டியிருந்தேன். நோட்டில் பக்கம் ஏறியிருந்தது. மனதில் பூங்குழலி ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து வேறு கணக்குப் போட்டேன். கல்கி 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் முடித்தார். சுமார் 185 வாரங்கள். ஐந்து பாகமும் சேர்த்து 293 அத்தியாயங்கள். வகுத்துப் பாருங்கள்: வாரத்துக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே. டிக்கன்ஸ் தன் வாரப் பத்திரிகையில் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ எழுதியது 1860 - 61ல். 36 வாரம், 59 அத்தியாயம். அதுவும் அதே ஒன்றரைச் சொச்சம்! தற்செயலாகவே இருக்கட்டும். ஒரு வாரம் மனதில் வைத்து அசைபோட அது சரியான அளவு என்று தோன்றுகிறது.

இந்த அளவு தெரிந்தால் நாவலே வேறு மாதிரி தெரியும். கல்கி வளர்த்துகிறார், முன்கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார் என்று குறை சொல்கிறோம். வாரம் பூராவும் ஷிஃப்டுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தவருக்கு அது வளர்த்தல் இல்லை. கையைப் பிடித்துக் கூட்டிப் போவது. கப்பல் எரிந்து, இளவரசரும் வந்தியத்தேவனும் கடலில் தத்தளிக்கும் அந்தக் கடைசி ஐந்து அத்தியாயங்கள், சராசரிக் கணக்கில் பார்த்தால் மூன்று வாரம். ஆயா வீட்டில் மூன்று வாரம் புயல் அடித்திருக்கிறது. எனக்கு இரண்டே ரயில் பயணம்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. ஐந்தாம் பாகத்துக்கு மட்டும் 91 அத்தியாயம் எடுத்துக்கொண்டும், முடிவு சட்டென்று வந்துவிட்டதாக அன்றைய வாசகர்கள் கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் கேட்ட கேள்விகளைக் கவனியுங்கள்: இவர் கதி என்ன, அவள் என்ன ஆனாள்? ஆயா கேட்ட அதே கேள்வி. மூன்றரை வருஷம் அவர்கள் வைத்திருந்தது பக்கக் கணக்கில்லை, ஆள் கணக்கு.

அதற்காக நோட்டைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் மறுபடி பாதியில் இறங்கிவிடுவோம். பக்கம் எழுதும் இடத்தில் ஆளை எழுதுங்கள், போதும். என் இந்த வாரப் பதிவு: ‘இளவரசருக்குக் கடும் ஜுரம். பூங்குழலி படகில் நாகப்பட்டினம் கொண்டுபோகிறாள்.’

ஆயாவிடம் படித்துக் காட்டினேன்.

“பத்திரமா போவச் சொல்லு” என்றார்.