‘ஒன்றுமில்லையாம்’: மகப்பேற்றுக்குப் பிந்தைய நரம்பியல் அறிகுறிகளும் மொழிபெயர்ப்பும்

மகப்பேற்றை அடுத்த வாரங்களில் சில பெண்களுக்குக் கை கால் மரத்தல், தசைத்துடிப்பு, பார்வை மங்கல், நடைத் தள்ளாட்டம் முதலிய நரம்பியல் அறிகுறிகள் தோன்றுவதுண்டு. அவற்றுள் சில தாமே மறைகின்றன. சிலவற்றுக்குக் காரணம் கண்டறியப்படுகிறது. எஞ்சியவற்றுக்குச் சோதனைகள் பல செய்தும் பெயர் கிடைப்பதில்லை. இவ்வாறு பெயர் பெறாதவற்றைத் தமிழில் எவ்வாறு சொல்கிறோம், பிறமொழிக்கும் பிறமொழியிலிருந்தும் எவ்வாறு பெயர்க்கிறோம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மருத்துவ முடிபு கூறும் தகுதி எனக்கில்லை. மும்பை செம்பூரில் வாழும் தமிழ்ப் பெண் ஒருவர் தம் இரண்டாம் பேற்றுக்குப்பின் எழுதிவந்த குறிப்பேடு, அவருக்காக மொழிபெயர்ப்பாளராகச் சென்றபோது நான் கேட்ட உரையாடல்கள், தமிழில் அச்சான மகப்பேற்றுக் கையேடுகள் சில ஆகியவை இதற்குத் தரவுகள். குறிப்பேட்டுப் பகுதிகள் அவரது இசைவுடன் ஆளப்படுகின்றன.

முதலில் ஒரு செய்தி கைமாறிய வழியைக் காண்போம். ஆங்கில அறிக்கையில் ‘என்.ஏ.டி.’ என்னும் மூன்றெழுத்துச் சுருக்கம் இருந்தது. ‘இயல்புக்கு மாறானது எதுவும் கண்டறியப்படவில்லை’ என்பது அதன் பொருள். மருத்துவர் அதனைக் கணவரிடம் இந்தியில் ‘குச் நஹீ ஹை’ என்றார். கணவர் தொலைபேசியில் வீட்டாரிடம் ‘ஒண்ணுமில்லையாம்’ என்றார். மாமியார் அண்டை வீட்டாரிடம் ‘அவளுக்கு ஒண்ணுமில்லை’ என்றார். நான்கும் ஒரே செய்தி போலத் தோன்றும். இலக்கண நோக்கில் நான்கும் வெவ்வேறு.

முதல் வாக்கியத்தில் ‘கண்டறி’ என்னும் வினை உள்ளது. செயப்பாட்டுவினையாதலின் எழுவாயாக வரவேண்டிய கருத்தா மறைந்துள்ளார். எனினும் ஒருவர் தேடினார், ஒரு கருவியால் தேடினார், அத்தேடலில் ஒன்றும் சிக்கவில்லை என்பது அவ்வினையால் பெறப்படும். இரண்டாம் வாக்கியத்தில் தேடல் மறைந்து இன்மை மட்டும் நிற்கிறது. மூன்றாம் வாக்கியத்தின் இறுதியில் உள்ள ‘ஆம்’ என்னும் ஒட்டு, இச்செய்தி பேசுவோர் தாமே கண்டதன்று, பிறர் கூறக் கேட்டது என்று உணர்த்துகிறது. இந்தி வாக்கியம் இழந்த எச்சரிக்கையில் ஒரு பகுதியை இவ்வோரசை மீட்டுத் தருகிறது எனலாம். நான்காம் வாக்கியத்தில் ‘ஆம்’ நீங்கி, ‘அவளுக்கு’ என்னும் நான்காம் வேற்றுமைச் சொல் வந்து சேர்ந்தது. அறிக்கையைப் பற்றிய கூற்று இப்போது பெண்ணைப் பற்றிய கூற்றாகிவிட்டது.

மாமியாரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. தமிழில் ‘ஒன்றுமில்லை’ என்பது தேற்றும் சொல்லுமாகும். விழுந்து அழும் குழந்தையைத் தூக்கும்போது நாம் அனைவரும் அதனையே சொல்கிறோம். அவரும் மகிழ்ச்சியோடுதான் சொன்னார். ஆனால் அதன்பின் மருமகள் கை மரக்கிறது என்ற போதெல்லாம் வந்த விடை ‘ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரே’ என்பது. தேற்றத்தில் தொடங்கிய சொல் மறுப்பாக முடிந்தது. குறிப்பேடு தொடங்கப்பட்டது அவ்வாரத்தில்தான்.

கையேடுகளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘விளக்கப்படாத’ என்று பொருள்படும் அடைமொழியை அவை மூவகையாகப் பெயர்க்கின்றன: காரணமில்லாத, காரணம் தெரியாத, விளக்கவியலாத. இவற்றுள் முதலாவது பிழையானது என்பதில் ஐயமில்லை. அது இன்மையை நோயின்மேல் ஏற்றுகிறது. காரணமில்லாத அழுகை, காரணமில்லாத கோபம் என்னும் வழக்குகளின் வரிசையில் நோயை நிறுத்துகிறது. மூன்றாவது, இனி ஒருகாலும் விளக்க முடியாது என்னும் தீர்ப்பை வழங்குகிறது. இரண்டாவது ஓரளவு நேர்மையானது. ஆயினும் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது. ‘தெரியாத’ என்பது நேற்றுத் தெரியாததையும் இன்று தெரியாததையும் என்றுமே தெரியவராததையும் ஒருங்கே குறிக்கும். இதுவரை தெரியவில்லை, நாளை தெரியலாம் என்னும் பொருள் வேண்டுமாயின் ‘இன்னும்’ என்னும் சொல்லை வெளிப்படையாகச் சேர்த்தாக வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத சொல்லைச் சேர்ப்பதா என்று மொழிபெயர்ப்பாளர் தயங்குவர். இங்குச் சேர்ப்பதே மூலத்துக்கு உண்மையாயிருப்பது என்பது என் கருத்து.

‘இன்னும்’ என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே சான்று உண்டு. பல ஆண்டுகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில், பிள்ளைபெற்ற பெண் சில நாளில் கடுந்தலைவலியும் வலிப்பும் கண்டு ஒருபக்கம் செயலிழந்தால் சன்னி என்றனர். சிலர் காற்றுக் கருப்பு என்றனர். நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் கருப்ப காலத்திலும் பேற்றுக்குப் பின்னும் மூளைக் குருதிக்குழாய்களில் உறைவு ஏற்பட்ட 135 நோயாளரைப் பற்றிய ஆய்வை 1983இல் வெளியிட்டார். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் இந்நோயைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். பேற்றையொட்டிக் குருதியின் உறையுந்தன்மை மிகுவது இதற்கு அடிப்படை. பிள்ளைபெற்றவளுக்குத் தண்ணீர் குறைத்துக் கொடுக்கும் வழக்கமும் ஒரு காரணியாகலாம் என இந்திய மருத்துவ எழுத்துகளில் பேசப்பட்டது. விளக்கம் பெறாதிருந்தது விளக்கம் பெற்றது, மருந்தும் பெற்றது.

சன்னி என்னும் சொல்லின் வரலாறு தனியே எழுதத்தக்கது. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெடுவதைக் குறிக்கும் ‘சந்நிபாதம்’ என்னும் வடசொல்லின் குறுக்கம் அது. மருத்துவ நூலார் சன்னியைப் பதின்மூன்றாக வகுத்தனர். இலங்கைச் சிங்களச் சடங்கில் சன்னி பதினெட்டுப் பேய்களாக முகமூடி அணிந்து ஆடும். வழக்கில் அது காய்ச்சல் பிதற்றல், வலிப்பு, விறைப்பு அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. சூதகவாயு என்பதும் இத்தகையதே; பெயரிலேயே காரணத்தை அடக்கி வைத்துக்கொண்டிருப்பது. மேலை மருத்துவம் இதில் மேம்பட்டது என்று கருதுவதற்கில்லை. ‘ஹிஸ்டீரியா’ என்னும் சொல் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. அப்பெயரை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் கைவிட்டது. நோயைத் துணிய மன அழுத்தம் ஒன்றைச் சுட்டிக்காட்டியாக வேண்டும் என்னும் விதியை 2013இல்தான் நீக்கியது. செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்று இன்று வழங்குவதை, ‘சோதனையில் ஒன்றுமில்லை’ என்பதைக் கொண்டு துணிவதில்லை. 1908இல் ஹூவர் விவரித்த கால்தசைச் சோதனை போன்ற நேர்முகக் குறிகளைக் கொண்டே துணிகின்றனர். ஆகவே அந்நோய்க்குங்கூடக் ‘காரணமில்லாத’ என்னும் அடைமொழி பொருந்தாது.

1857இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மோன்செலின் மகப்பேற்று நூலைப் ‘பிரசவ வைத்தியம்’ என்று தமிழாக்கினார். மேலைப் பிரசவ மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் முயற்சிக்கு இன்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வயது. கலைச்சொல் ஆக்குவதில் நாம் தேர்ந்திருக்கிறோம். ஆனால் அக்கலைச்சொற்கள் நோயாளியின் சொல்லோடு எங்கு மோதுகின்றன என்பதைப் பார்க்கத் தவறிவிட்டோம். இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

மேற்சொன்ன மூளைச் சிரை உறைவை ஆங்கிலத்தில் ‘சைனஸ்’ என்னும் சொல்லை உள்ளடக்கிய தொடரால் குறிப்பர். அங்கு அது மூளை உறையினுள் குருதி வடியும் கால்வாய். தமிழரிடையே சைனஸ் என்பது மூக்கடைப்பும் நெற்றிவலியும். அதற்கு மருந்து ஆவிபிடித்தல். ‘சைனஸில் உறைவு’ என்று எழுத்துப்பெயர்த்து நிறுத்திக்கொள்ளும் கையேடு, உயிருக்கு இடர் தரும் தலைவலியை வெந்நீர்ப் பாத்திரத்தின்முன் உட்கார வைக்கக்கூடும். ‘மூளைச் சிரைக்கால்வாய்’ என்றோ ‘மூளையிலிருந்து இரத்தம் வெளியேறும் குழாயில் அடைப்பு’ என்றோ எழுதுவது நீளம்தான். நீளம் இங்குக் குற்றமன்று.

இரண்டாவது, தண்டுவட மரப்பு நோய். ஐரோப்பாவின் 12 நாடுகளில் இந்நோயுற்ற 254 பெண்களைப் பின்தொடர்ந்து 1998இல் வெளியான ஆய்வு, கருப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நோய்த்தாக்கு குறைவதையும் பேற்றுக்குப்பின் முதல் மூன்று மாதங்களில் மிகுவதையும் காட்டியது. ஆகவே பேற்றுக்குப் பிந்தைய மரப்பு பற்றிய எந்தக் கையேட்டிலும் இந்நோய் இடம்பெறும். ஆக்கச்சொல்லில் உள்ள ‘மரப்பு’ தழும்பேறி இறுகுதலைக் குறிக்க வந்தது. பெண் சொல்லும் ‘மரப்பு’ உணர்வற்றுப் போதல். ஒரே பத்தியில் இரண்டும் வரும்போது, கை மரத்த எவரும் தமக்கு அந்நோய் என்று அஞ்ச இடமுண்டு.

உணர்வைச் சொல்லும் சொற்களில் தமிழ் வளமுடையது. வலியைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் 78ஐத் திரட்டி 20 தொகுதிகளாக மெல்சாக் 1975இல் வினாநிரல் ஆக்கினார். செம்பூர்க் குறிப்பேட்டின் முதல் பத்துப் பக்கங்களில் மட்டும் மதமத, குறுகுறு, கிறுகிறு, விண்விண், வெடவெட, சுருக்சுருக் என்னும் இரட்டைக்கிளவிகள் வருகின்றன. இரட்டைக்கிளவி பிரிந்து நில்லாது என்பது தொல்காப்பியர் விதி. பிறமொழிக்குப் பெயர்ந்தும் நில்லாது என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம். கணவர் இவற்றுள் மதமதப்பு, குறுகுறுப்பு இரண்டையும் இந்தியில் ‘சுன்’ என்னும் ஒரே சொல்லால் சொன்னார். மும்பைத் தமிழிலும் அச்சொல் புகுந்து ‘கை சுன்னாயிடறது’ என வழங்குகிறது. உணர்வு குறைதலும் இல்லாத உணர்வு தோன்றுதலும் நரம்பியலில் வேறு வேறு. மராத்தியில் பின்னதற்கு ‘எறும்புகள் வருதல்’ என்று பொருள்படும் ‘முங்க்யா யேணே’ என்னும் அருமையான தொடர் உண்டு. குறிப்பேட்டில் ‘கால்ல எறும்பு ஊர்ற மாதிரி’ என்றே இருந்தது. மராத்தி மருத்துவரிடம் அதனை இந்தி வழியே சொன்னதால் இரு எறும்புகளும் சந்திக்கவில்லை.

சொல்லைவிடத் தொடர் அமைப்பு இழக்கப்படுவது பெருங்கேடு. ‘எழுந்து உக்காந்தா மண்டை பொளக்கறது, படுத்தா தேவலை’ என்பது முதல் வாரப் பதிவு. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டபின் வரும் தலைவலிக்கு இது சிறப்புக்குறி. மாறாக, படுத்தால் மிகும் தலைவலி மூளையின் உள்ளழுத்தம் கூடியதைக் காட்டலாம். இரண்டையும் பிரிப்பவை ‘-ஆல்’ ஈற்று நிபந்தனை எச்சங்கள். வாய்மொழி பெயர்ப்பில் எச்சங்களே முதலில் உதிர்கின்றன. ‘தலைவலி’ மட்டும் போய்ச் சேர்கிறது. ‘இழுப்பு’ என்பதை மூச்சிரைப்பு என்றும் வலிப்பு என்றும் கொள்ளலாம். ‘மயக்கம்’ என்பதைத் தலைச்சுற்றல், நினைவிழத்தல், குழப்பம் மூன்றுக்கும் கொள்ளலாம். இலக்கணத்தில் மயக்கம் அமைதி பெறும். நோயாளர் சீட்டில் பெறாது.

காலத்தைக் குறிக்கும் சொல்லொன்றையும் கூற வேண்டும். பிள்ளைபெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்பது தமிழ் வழக்கு. அச்சொல் பரிவையும் ஓய்வையும் உரிமையாக்கித் தருகிறது. ஆனால் நாற்பது நாள் கழிந்தால் அந்த உரிமை முடிந்துவிடும். பேற்றையொட்டிய குருதியுறைவு இடர், குறைந்த அளவிலேனும், பன்னிரண்டு வாரம் வரை நீடிப்பதை 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஐம்பதாம் நாளில் கால் இழுத்தால் அதனைப் பேற்றோடு சேர்த்துச் சொல்ல வழக்கில் சொல் இல்லை. குறிப்பேட்டில் நாற்பதாம் நாளுக்குப்பின் ‘பிரசவம்’ என்னும் சொல்லே வரவில்லை என்பது நோக்கத்தக்கது. அறிகுறிகள் மட்டும் வருகின்றன.

பின்னர் நரம்பியல் வல்லுநர் ஒருவரிடம் காட்டுவதற்காக அக்குறிப்பேட்டின் பதினான்கு பதிவுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தேன். எச்சங்களை விடாது பெயர்த்தேன், நாட்களை எண்ணிட்டேன். ‘மதமத’ என்பதை மட்டும் பெயர்க்காமல் ஒலிபெயர்த்து, பல் பிடுங்க ஊசி போட்டபின் ஈறு இருப்பது போன்ற உணர்வு என்று அடைப்பில் எழுதினேன். மராத்தியரான அவர் அச்சொல்லை இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுத் தம் தாளில் தேவநாகரியில் குறித்துக்கொண்டார். சோதனைகளுக்குப்பின் அவர் கூறியதை நான் ‘இதுவரை பார்த்ததில் எதுவும் தென்படவில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்க்கிறேன் என்கிறார்’ என்று தமிழில் சொன்னேன். வீட்டுக்குப் போய் மாமியாரிடம் அப்பெண் அவ்வாறே சொன்னதாகப் பின்னர் அறிந்தேன். ‘அப்போ இன்னும் பாத்துண்டிருக்கார்’ என்றாராம் மாமியார்.

கைமரப்பு ஓராண்டில் பெரும்பாலும் குறைந்தது. காலில் உள்ளது வந்தும் போயும் இருக்கிறது. நோய்க்குப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை. குறிப்பேட்டில் நான் கடைசியாகப் பார்த்த பக்கத்தில் இடக்காலைப் பற்றி ஒரு வரியும், அதன்கீழ்ப் பால்காரருக்குத் தரவேண்டிய பாக்கியும் இருந்தன.